ஓநாய் கொன்ற நாய்க்கு 2,500 டாலர்

ரெண்டு மாசமா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்டலை. டிராஃப்ட்லயே கிடந்த பதிவு இது, இன்னிக்காவது வெளிய விட்டுடலாம்னு. விஷயம், கரடி வேட்டைக்கு இளம் நாய்களைப் பழக்குறது. 'தயிர்சாதம் சாப்பிட்டோமா, கோடு அடிச்சோமான்னு இல்லாம உனக்கு எதுக்குய்யா கரடி?'ன்னு கேக்குறவங்களுக்கு, நான் தேடிப் போகலை மக்கா, அதுவா வந்துச்சு.

நான் இருக்குறது விஸ்கான்சின்ல, மேடிசன். எங்க டீம்ல டேட்டாபேஸ் பார்க்குறவருக்கு அம்பது வயசுக்கு மேல. பேரு வேண்டாம். மீட்டிங்ல வாயே திறக்க மாட்டார், நாயைப் பத்திக் கேட்டா நிறுத்த மாட்டார். வீட்டுல ஏழு நாய். பாதி வாக்கர், பாதி ப்ளாட். இந்த ப்ளாட்டுங்கிறது 18-ம் நூற்றாண்டு நடுவுல ஜெர்மனியில இருந்து அமெரிக்கா வந்த ஒரு குடும்பத்தோட பேரு. அவங்க வட கரோலினா மலைப் பக்கம் தலைமுறை தலைமுறையா கரடிக்குன்னே வளர்த்த ஜாதி. உடம்பு பூரா புலி மாதிரி மங்கலா வரி ஓடும். 1989-ல இருந்து வட கரோலினாவோட மாநில நாயே அதுதான்.

போன வருஷம் ஜூலை முதல் வாரம், 'வர்றியா?'ன்னு கேட்டார். மேடிசன்ல இருந்து வடக்கே அஞ்சு மணி நேர டிரைவ். ஷெக்வாமெகன்-நிக்கோலே காடு. விடியறதுக்கு முன்னாடியே பிக்கப் டிரக் காட்டு ரோட்டுல ஆமை வேகத்துல ஊர ஆரம்பிச்சிடுச்சு. டிரக்குக்கு மேல ஒரு மேடை, அதுல கட்டியிருக்குறது கூட்டத்துலயே அனுபவசாலியான கிழட்டு நாய். அதோட வேலை மூக்கைக் காத்துல நீட்டிக்கிட்டு நிக்குறது மட்டும்தான். கரடி ரோட்டைத் தாண்டின வாடை அடிச்சா குரைக்கும். உடனே இறங்கி மண்ணுல தடம் பார்ப்பாங்க. பெருசா, சின்னதா, பக்கத்துல குட்டித் தடம் இருக்கா. எல்லாம் சரின்னா முதல்ல கிழடை விடணும், அது தடத்தைப் பிடிச்சதும் பின்னாடி சின்னதுங்க. ஒரு கூட்டத்துக்கு ஆறு நாய்தான் கணக்கு, அது சட்டம்.

இளசுங்களைப் பழக்குறது இந்த இடத்துலதான் ஆரம்பிக்குதுன்னு நினைச்சா தப்பு. நாலஞ்சு மாசக் குட்டியா இருக்கும்போதே கரடித் தோலைக் கயித்துல கட்டிப் புல்லுல இழுத்துட்டுப் போய், மரத்துல தொங்கவிட்டு, மோப்பம் பிடிச்சு வந்து குரைச்சா கொஞ்சுவாராம். அப்புறம் டமால் சத்தத்துக்குப் பயப்படாம இருக்க, ஓடையைத் தாண்ட, நாய்ப்பெட்டிக்குள்ள மத்த நாயோட சண்டை போடாம படுக்க. ரொம்பக் கஷ்டமான பாடம், எதைத் துரத்தக்கூடாதுங்கிறது. மானைப் பார்த்தா எந்த நாய்க்குட்டிக்கும் கால் நிக்காது. மான் பின்னாடி ஓடுறதை இவங்க பாஷையில 'குப்பை ஓடுறது'ன்னு சொல்றாங்க. கழுத்துப் பட்டையில கரண்ட் வெச்சு அந்தப் பழக்கத்தை வெட்டுறாங்க. நான் பார்த்தப்போ ஒரே ஒரு தடவை பட்டனை அமுக்கினார். நாய் 'கய்'ன்னுச்சு. எனக்குப் பிடிக்கலை. சொல்லவும் இல்லை.

ஆனா அந்தச் சத்தம் இருக்கே! தடத்துல ஓடும்போது நீளமா இழுத்து ஊளை மாதிரி, கரடி மரம் ஏறிட்டா வெட்டி வெட்டி 'லொள் லொள் லொள்'. ரெண்டு மைல் தள்ளிக் கேட்டாலும் எது எந்த நாய்னு சொல்றார். தெருமுனையில திரும்புற பைக் சத்தத்தை வெச்சே வர்றது அப்பாதான்னு நமக்குத் தெரியுமே, அது மாதிரி. கையில ஜி.பி.எஸ். வேற, ஒவ்வொரு நாயும் ஒரு அம்புக்குறி. நாய் மரத்தடியில நின்னு குரைக்க ஆரம்பிச்சா ஸ்கிரீன்ல குறியே மாறுது.

முக்கால் மணி நேரம் முள்ளுக்குள்ள, சேத்துக்குள்ள நடந்து போனோம். பைன் மரத்துல, இருபத்தஞ்சு அடி உசரத்துல, ஒரு கருப்புக் கரடி. நாக்கைத் தொங்கப் போட்டு எச்சில் ஒழுக மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. கீழ ஆறு நாய். அதுல பெல்லுன்னு பதினாலு மாசப் பொட்டை, ப்ளாட். முதல்ல என்ன நடக்குதுன்னே புரியாம மத்த நாய்களைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. திடீர்னு அண்ணாந்து பார்த்துச்சு. முன்னங்காலை மரத்துல வெச்சு ஒரே குரைப்பு. மனுஷன் கண்ணு கலங்கிட்டார். அந்தச் சேத்துலயே உக்காந்து அதைக் கட்டிக்கிட்டார். பத்து நிமிஷம். அப்புறம் ஆறையும் கயித்துல பிடிச்சுக்கிட்டுத் திரும்பி நடந்துட்டோம். துப்பாக்கி யார் கையிலயும் இல்லை. கரடி மரத்து மேலயே.

ஜூலை 1-ல இருந்து ஆகஸ்ட் 31 வரை இது பயிற்சி சீசன். விரட்டலாம், கொல்லக்கூடாது. சுடுறதெல்லாம் செப்டம்பர்ல ஆரம்பிக்கிற சீசன்லதான், அதுவும் குலுக்கல்ல பெர்மிட் கிடைச்சவங்களுக்கு. வடக்குப் பக்கம் அந்தப் பெர்மிட்டுக்குப் பல வருஷம் காத்திருக்கணும். அதனால இவரை மாதிரி ஆளுக்குப் பெரும்பாலான வருஷம் 'பயிற்சி'தான் வேட்டையே.

ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னா, 'கொடுமைடா, தடை பண்ண வேண்டியதுதானே'ன்னு ஒரு நண்பன். பண்ணியிருக்காங்க. கொலராடோவுல 1992, ஓரிகன்ல 1994, வாஷிங்டன்ல 1996, எல்லாம் மக்கள் ஓட்டுப் போட்டே. கலிஃபோர்னியா 2012-ல சட்டமே போட்டுச்சு. மெய்ன் மாநிலத்துல 2004, 2014 ரெண்டு தடவை ஓட்டுக்கு வந்தும் தடை தோத்துப்போச்சு. எனக்கு இதுல உடனே ஓட்டுப் போட வாய் வரலை. 2017 ஜனவரியில காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு மெரினாவுல உக்காந்தவன் நான். மாட்டைப் பத்தித் தெரியாதவன் மாட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்காதேன்னு கத்தினேன். அதே வாயால, நாயைப் பத்தித் தெரியாத நான் இங்க என்னத்தைப் பாடம் எடுக்க? தவிர, மரத்தடியில நின்னு பார்க்குறவனுக்கு மேல இருக்குறது தாயா, தனிக் கடுவனான்னு நிதானமாப் பார்க்க நேரம் இருக்கு. குட்டியையும் குட்டியோட இருக்குற கரடியையும் சுடக்கூடாதுங்கிற சட்டத்தை மதிக்க, நாய் வெச்சு வேட்டையாடுறவனுக்குத்தான் வசதி அதிகம். இது நான் போய்ப் பார்த்ததுக்கு அப்புறம்தான் உறைச்சுது.

அப்ப என்னதான்டா உன் பிரச்சினைன்னா, ஓநாய்.

விஸ்கான்சின்ல ஓநாய் ஏப்ரல்ல குட்டி போடும். ஜூலையில குட்டிகளைப் பொந்துல இருந்து கூட்டி வந்து காட்டுக்குள்ள ஏதாவது திறந்த இடத்துல விட்டு வெச்சிருக்கும். பெருசுங்க காவல். சரியா அந்த ரெண்டு மாசம் பார்த்துத்தான் நாம ஆறு நாயைக் குரைக்க விட்டு அதுக்கு நடுவுல ஓட விடுறோம். ஓநாய்க் கணக்குல அது கரடி வேட்டை கிடையாது, வீட்டுக்குள்ள புகுந்த வேற கூட்டம். 2016-ல மட்டும் இங்க ஏறக்குறைய 40 வேட்டைநாய் இப்படிச் செத்துச்சு. ஒவ்வொரு நாய்க்கும் 2,500 டாலர் வரைக்கும் மாநில அரசு நஷ்டஈடு கொடுக்குது.

பக்கத்து மாநிலம் மிச்சிகன்லயும் ஓநாய் இருக்கு, கரடி இருக்கு, இதே ஜாதி நாய் இருக்கு. அங்க இந்த நஷ்டஈடு கிடையாது. 2013-ல மிச்சிகன் டெக்னாலஜிகல் பல்கலைக்கழகத்து ஜோசஃப் பம்ப் குழு ரெண்டு மாநிலத்தையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு போட்டாங்க. விஸ்கான்சின்லதான் தாக்குதல் விகிதம் பல மடங்கு அதிகம். அவங்க முக்கியமா சந்தேகப்பட்டது, கரடிக்கு இரை வைக்கிற பழக்கத்தை. இங்க ஏப்ரல் நடுவுலயே டோனட்டும் பழைய பிஸ்கட்டும் காட்டுல கொட்ட ஆரம்பிச்சிடலாம், மிச்சிகன்ல ரொம்பப் பின்னாடிதான். மாசக்கணக்கா ஒரே இடத்துல தீனி கிடந்தா ஓநாயும் அங்க வந்து உரிமை கொண்டாடும். நாயை அவுத்து விடுறதும் அதே இடத்துல!

கோடு எழுதுறவங்களுக்குச் சட்டுனு புரியும். எர்ரர் வந்தா கேட்ச் பண்ணி, ஒண்ணும் சொல்லாம முழுங்கிட்டு மேல ஓடுற புரோகிராம் மாதிரி இந்த நஷ்டஈடு. எர்ரர் போய்ச் சேர வேண்டிய ஆள்கிட்ட போய்ச் சேர்றதே இல்லை. நாய் செத்த இடத்தைச் சுத்தி 'இங்க ஓநாய் ஜாக்கிரதை'ன்னு அரசே மேப் போடுது. என்னோட கோரிக்கை சின்னது. அந்த வட்டத்துக்குள்ள ஜூலை, ஆகஸ்ட்ல நாயை விட்டா காசு கிடையாது. இரை கொட்டுற தேதியைப் பின்னாடி தள்ளணும். வேட்டையை நிறுத்தச் சொல்லலை, பழக்குறதை நிறுத்தச் சொல்லலை.

ஆகஸ்ட் மூணாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங்குக்கு மனுஷன் வரலை. மத்தியானம் மெசேஜ். பெல். அம்புக்குறி ஒரு இடத்துல நின்னு அசையவே இல்லையாம். போய்ப் பார்த்தா பட்டையும், கொஞ்சம் மிச்சமும்.

அடுத்த வாரம் காபி மெஷின் பக்கத்துல பேசினோம். பேசினோம்னா, கிட்டத்தட்ட சண்டை. ஓநாயைச் சுட்டாத்தான் தீரும்னு அவர். 2021 பிப்ரவரியில சுட்டீங்களே, பழங்குடிகளுக்குப் போக 119 தான் ஒதுக்கினது, மூணு நாள் முடியுறதுக்குள்ள 218, அதுலயும் பெரும்பாலானது நாயை விட்டே, அது தீர்த்துச்சான்னு நான். ரொம்ப நேரம் கப்பையே பார்த்துட்டு இருந்தார். 'செக்கை வாங்கிப்பேன். அந்தக் காசுலதான் அடுத்த குட்டி வாங்க முடியும்'னார். நான் எழுத வந்த வாதம் பூரா அந்த ஒரு வரியில இருக்குன்னு அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்த நேரத்துல சொல்ல மனசு வரலை, கண்ணு அப்படி இருந்துச்சு.

புதுக் குட்டி வந்தாச்சு. மறுபடியும் ப்ளாட், மறுபடியும் பொட்டை. போட்டோ அனுப்பியிருக்கார், காது மட்டும் உடம்பை விடப் பெருசு. வர்ற ஜூலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கார். போவேன்னுதான் நினைக்கிறேன். பெல் போன அதே இடத்துக்கா, வேற பக்கமான்னு திருப்பிக் கேட்டிருக்கேன். இன்னும் பதில் இல்லை.

டிஸ்கி: தடை ஒண்ணுதான் வழின்னு நினைக்கிற மக்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமாத் திட்டலாம். ஜல்லிக்கட்டையும் இதையும் எப்படிடா ஒண்ணாச் சொல்லலாம்னு வர்றவங்களும் வாங்க. அனானியா மட்டும் வராதீங்க, ப்ளீஸ்.