இலவசச் செய்திக்கும் ஒரு கூலி உண்டு



அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், ஓர் இளைஞர் தம் தாயாரின் கைபேசியில் விளம்பரத் தடுப்பானை நிறுவிக்கொண்டிருந்தார். "ஊர்ச் செய்தியை வாசிக்க விடாமல் சூதாட்ட விளம்பரம் திரையை மூடுகிறது, சுவாமி" என்றார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றும் விளம்பரத்தையும், நம்மை வேவுபார்க்கும் விளம்பரத்தையும் விலக்குவது நம் உரிமையே.

ஆயினும் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்ப்போம். லாச்சப்பல் கடை வாயில்களில் இலவசத் தமிழ் இதழ்களைக் கையிலெடுத்தவர்கள் நாம். அவற்றின் அச்சுச்செலவை நகைக்கடைகளும் பயண முகவர்களும் விளம்பரமாகச் செலுத்தினர். இணையத்தளத்திற்கும் அதுவே வழி. தடுப்பானோ விளம்பரத்தை அழைக்கும் கோரிக்கையையே நிறுத்திவிடுகிறது. பார்வை கணக்கில் ஏறாதபோது பணமும் வருவதில்லை.

ஐரோப்பிய வாசகருக்குக் காட்டப்படும் விளம்பரத்திற்குப் பொதுவாக இலங்கை வாசகருக்குரியதைவிடக் கூடுதல் விலை கிடைக்கிறது. எனவே பாரிசில் நாம் தடுக்கும்போது, முல்லைத்தீவிலிருந்து செய்தி அனுப்பும் எளிய செய்தியாளரின் ஊதியம் குறைகிறது. ஊரில் ஒருவர் மறைந்தால் அந்த மரண அறிவித்தலைக்கூட நம்மிற் பலர் இத்தகைய தளங்களிலேயே அறிகிறோம். அவை மூடப்பட்டால் இழப்பு யாருக்கு?

2016 மார்ச்சில் 'லெ மோந்த்', 'லெக்கிப்' முதலிய பிரெஞ்சு ஊடகங்கள், தடுப்பானை நிறுத்துமாறு வாசகரிடம் ஒருசேரக் கேட்டன. 2018 ஏப்ரலில் ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம், தடுப்பானை வழங்குவது முறையற்ற போட்டி ஆகாது எனத் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதிப்பதால் மட்டும் நம் கடன் தீர்ந்துவிடுவதில்லை. உழைப்பவருக்கு நீதியான கூலி வேண்டுமென 1891இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். எழுதுபவரும் உழைப்பாளியே.

2008இல் தொடங்கிய பிரெஞ்சுத் தளமான 'மெடியாபார்' விளம்பரமின்றிச் சந்தாவால் வாழ்கிறது. ஊரிலுள்ள ஏழை வாசகரிடம் நாம் சந்தா கேட்க இயலாது. அவருக்காகவும் நாமே செலுத்தலாமே!

ஆகவே, தடுப்பானை வைத்திருங்கள். நாள்தோறும் வாசிக்கும் நேர்மையான தளத்திற்கு மட்டும் அதில் விதிவிலக்கு அளியுங்கள். அங்கும் விளம்பரம் எல்லைமீறினால், தளத்தாருக்கு எழுதிக் கண்டியுங்கள். விளம்பரமே வேண்டாமெனில், லாச்சப்பலில் நாம் அருந்தும் ஒரு தேநீரின் விலையை மாதந்தோறும் நன்கொடையாக அனுப்புங்கள். பெறுவது இலவசமாயினும், அதைத் தருபவர் பட்டினி கிடத்தல் ஆகாது.

என்றும் செபத்துடன்,
உங்கள் ஆன்மப் பணியாளர்