டம்ளர் திரும்பட்டும், இரட்டை டம்ளர் திரும்பக் கூடாது!

தேநீர்க் கடை பாட்டாளியின் மாளிகை. வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் அவன் நிற்குமிடம் அது. பத்திரிகை படிப்பதும் அங்கே, அரசியல் பேசுவதும் அங்கே. அந்தக் கடையில் தேநீர் எதில் ஊற்றித் தரப்படுகிறது என்பதைச் சில்லறை விஷயமென்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. பிளாஸ்டிக் கப் மட்டுமல்ல, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. தடை போட்டாகிவிட்டது, ஆனால் கடைக்குக் கடை பேப்பர் கப் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறதே, எப்படி?

வெறும் காகிதத்தில் சுடு தேநீர் நிற்காது. நிற்க வைப்பது உட்புறம் பூசிய மெல்லிய படலம். பெரும்பாலும் அது பிளாஸ்டிக். அத்தகைய கப்பில் 100 மில்லி லிட்டர் சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தனர். சுத்தமென்று சொல்லி நீட்டப்படும் கப்பின் யோக்கியதை இது!

“கழுவுகிற டம்ளர் அசுத்தம்” என்கிறார்கள் சிலர். கழுவாத டம்ளர்தான் அசுத்தம். கழுவிய டம்ளர் அன்று. ஒரே வாளித் தண்ணீரில் காலை முதல் மாலை வரை முக்கி எடுப்பது கழுவுவதாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கடைசியில் கொதிநீரில் அலச வேண்டும். பாய்லர் கொதிக்கும் கடையில் கொதிநீருக்கா பஞ்சம்?

பிரான்சு நாட்டில் 20 இருக்கைக்கு மேற்பட்ட உணவு விடுதிகள், உள்ளே அமர்ந்து உண்போருக்குக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களிலேயே தர வேண்டுமென்ற சட்டம் 2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியின் பிரைபர்க் நகரம் 2016-இலேயே ஒரு யூரோ முன்பணம் பெற்றுக் கப்பைக் கொடுத்து, திருப்பித் தந்ததும் பணத்தையும் திருப்பித் தரும் முறையைத் தொடங்கியது. கண்ணாடி டம்ளரிலும் டபரா செட்டிலும் குடித்துப் பழகிய நமக்கு இதெல்லாம் புதுமையா?

ஆகவே டம்ளர் திரும்ப வேண்டும். ஆனால் அதனோடு பழைய இழிவும் ஒட்டிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது!

இரட்டைக் குவளை முறையை நாம் மறந்துவிடவில்லை. ஊராருக்கு ஒரு டம்ளர், சேரியிலிருந்து வந்த தோழனுக்கு வேறொரு டம்ளர். அதையும் குடித்தவனே கழுவி வைக்க வேண்டும் என்ற கொடுமை நடந்த நாடு இது. எதிர்ப்பு வலுத்தபோது சில கடைக்காரர்கள் தந்திரமொன்று கண்டுபிடித்தார்கள். ஊராருக்குக் கண்ணாடி டம்ளர். தாழ்த்தப்பட்ட தோழனுக்கோ தூக்கி எறியும் கப்! கேட்டால் சுகாதாரம் என்றார்கள். தீண்டாமைக்குப் பிளாஸ்டிக் முகமூடி மாட்டினார்கள். முகமூடி கழன்றதும் அசல் முகம் வெளிவரக் கூடாது.

உணவு விடுதியின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை அகற்ற 1957-இல் பெரியார் சென்னையில் போராட்டம் நடத்தினார். ஒரு சொல்லே மானப் பிரச்சினை என்றால், உதட்டில் படும் டம்ளர் மானப் பிரச்சினை அல்லவா? கடையில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைக் கடைக்குக் கொண்டு வருவது யார் வேலை? நமது வேலை!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு நிமிடம் குடித்து வீசிய கப் எங்கே போகிறது? சாக்கடைக்கு. அடைத்த சாக்கடையில் இறக்கப்படுவது யார்? எவனுக்குப் பொது டம்ளர் மறுக்கப்பட்டதோ, பெரும்பாலும் அவனே! குடிக்கும்போது ஓர் அவமானம், குப்பை அள்ளும்போது மற்றோர் அவமானம்!

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, கடையில் நின்று குடிக்கும் எல்லோருக்கும் ஒரே வகை டம்ளர். இரண்டாவது, டம்ளர் கழுவும் தொழிலாளிக்கு உரிய கூலி. 14 வயது நிரம்பாதவரைத் தேநீர்க் கடையில் வேலைக்கு வைப்பது 2006-இலேயே தடை செய்யப்பட்டது. கழுவும் வேலை கூடுகிறதென்று எந்தச் சிறுவனையும் தொட்டியருகே நிறுத்தக் கூடாது. மூன்றாவது, சின்னக் கடைக்காரனுக்கு அபராதச் சீட்டு மட்டும் நீட்டாமல், ஊராட்சியும் நகராட்சியும் தண்ணீர்க் குழாயும் தந்து உதவ வேண்டும். அவனும் உழைத்துப் பிழைப்பவனே. கப் தயாரிக்கும் ஆலையை விட்டுவிட்டு அவனை மட்டும் அடிப்பது நீதியாகாது.

தோழர்களே! நமது மாநாட்டுப் பந்தலிலும் கிளைக் கூட்டத்திலும் முதலில் பேப்பர் கப்பை நிறுத்துங்கள். எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். பிறகு உங்கள் தெருக் கடைக்குச் செல்லுங்கள். “எனக்குக் கண்ணாடி டம்ளர்” என்று கேட்பதோடு நிற்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் தோழனுக்கும் அதே டம்ளர்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், விடாதீர்கள்!

ஊருக்கு ஒரே டம்ளர் என்றாகட்டும்; தெருவும் சுத்தமாகும், மனமும் சுத்தமாகும்!