டீசல் வண்டிக்கு ‘யூரியா’ வாங்குறீங்களா? பக்கெட்டில் தேதியைப் பாருங்க!

“அண்ணே, யூரியா இருக்கா?”

திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் லாரி டிரைவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கும் வயலுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் கேட்பது டி.இ.எஃப். என்கிற திரவத்தை. ‘ஆட்ப்ளூ’ என்று சொன்னால் இன்னும் பலருக்குப் புரியும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, புதிய லாரி, பஸ், சில டீசல் கார்கள் என எல்லாவற்றிலும் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க் சேர்ந்துகொண்டது. அதில் ஊற்றுவதுதான் இது.

மருங்காபுரி, துவரங்குறிச்சி பக்கம் லோனில் ஒரு லாரி எடுத்து, மாதா மாதம் தவணை கட்டும் குடும்பங்களுக்கு டீசல் விலை மனப்பாடம். டயர் தேய்மானம் மனப்பாடம். இந்தத் திரவத்தை மட்டும், தண்ணீர் கேன் வாங்குவதுபோல, எது கைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. இதற்கும் காலாவதி உண்டு. அதுவும் நம்ம ஊர் வெயிலில் அந்தக் காலாவதி சீக்கிரமே வந்துவிடும்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது? எடையில் 32.5 சதவிகிதம் மிகச் சுத்தமான யூரியா. மீதி 67.5 சதவிகிதம், தாது உப்புகளை முழுக்க நீக்கிய தண்ணீர். அவ்வளவுதான். சைலன்சருக்குப் போகும் சூடான புகையில் இதைத் தெளித்தால், யூரியா உடைந்து அமோனியாவாக மாறும். அந்த அமோனியா, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். நம் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்கு நல்லது. ஆனால், திரவத்தின் தரம் சரியில்லை என்று சென்சார் கண்டுபிடித்துவிட்டால், டேஷ்போர்டில் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இழுவை குறையும். கடைசியில் பாரத்தோடு ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான்.

இந்தத் திரவம் இல்லாமல் வண்டி ஓடாது என்பதை ஒரு நாடே அனுபவித்துப் பார்த்திருக்கிறது. 2021-ல் சீனா யூரியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், தென்கொரியாவில் லாரிகள் இதற்காகத் தவித்தன. அந்த நவம்பரில் ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் எடுத்து வந்தார்கள். நமக்கு அப்படிப்பட்ட நிலை இல்லை. நமக்கு உள்ள பிரச்னை வேறு.

வெயில் தின்னும் ஆயுள்

இந்தத் திரவத்துக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 22241. அதில் எவ்வளவு நாள் வைக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 10 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருந்தால் 36 மாதம். 25 டிகிரி என்றால் 18 மாதம். 30 டிகிரி என்றால் ஒரு வருடம். 35 டிகிரி என்றால் ஆறே மாதம். 35-ஐத் தாண்டினால் மாதக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது தரம்.

திருச்சி மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி என்பது புதிய செய்தியா என்ன? தகரக் கூரை போட்ட கடைக்குள் அதைவிடச் சூடு. வாசலில் விளம்பரம் மாதிரி அடுக்கி வைத்திருக்கும் பக்கெட்டுகள் நேரடி வெயிலில் வேகின்றன. சூட்டில் யூரியா கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து அமோனியா வாடை கிளம்பும். ஆக, பக்கெட்டில் ‘ஒரு வருடம் வரை பயன்படுத்தலாம்’ என்று அச்சிட்டிருந்தால், அது நிழலான, காற்றோட்டமான குடோனுக்குச் சொன்னது. வாசலில் காய்ந்த பக்கெட்டுக்கு அது பொருந்தாது.

எனவே, கடையில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல. தயாரித்த மாதத்தையும் வருடத்தையும். பாக்கெட் பொருள் எதுவானாலும் தயாரித்த மாதம், வருடம், அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளரின் முகவரி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. தேதி அழிந்திருந்தாலோ, மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அந்தப் பக்கெட் வேண்டாம். கோடையில் வாங்குபவர்கள் தயாரித்து மூன்று நான்கு மாதத்துக்குள் உள்ளதாகப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம். “உள்ளே நிழல்ல இருக்கிற பக்கெட்டைக் கொடுங்கண்ணே” என்று கேட்பதில் கூச்சம் எதற்கு? ரேஷன் கடையில்கூட அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புது பக்கெட்டில் வெள்ளைப் படிவு இருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஆவியாகி, உள்ளே கலவையின் அளவு மாறியிருக்கலாம். (ஓடும் வண்டியின் டேங்க் மூடியில் கொஞ்சம் வெள்ளையாகப் படிவது சகஜம், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.)

சில பங்க்குகளில் டீசல் போலவே குழாயில் இதை நிரப்பித் தருகிறார்கள். லாரிகள் அதிகம் வந்துபோகும் பங்க்காக இருந்தால் சரக்கு தேங்காது. அது நல்ல வழி. திறந்த டிரம்மிலிருந்து மக்கால் மொண்டு ஊற்றும் லூஸ் சரக்குக்கு மட்டும் பெரிய கும்பிடு.

டம்ளரும் தராசும்

பக்கெட்டைத் திறந்ததும் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்க்கலாம். பச்சைத் தண்ணீர் மாதிரி, நிறமே இல்லாமல் இருக்க வேண்டும். பெயரில் ‘ப்ளூ’ இருப்பதால் நீலமாக இருப்பதுதான் ஒரிஜினல் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. நீலம் மூடியில்தான், திரவத்தில் இல்லை. மஞ்சள் நிறம், கலங்கல், மேலே எண்ணெய்ப் படலம், அடியில் தூசி... எது இருந்தாலும் டேங்கில் ஊற்றக் கூடாது. லேசான அமோனியா வாடை பரவாயில்லை. கண் எரியும் அளவுக்கு நெடி ஏறினால் அது வெயில் பார்த்த சரக்கு.

அடுத்தது எடை. இதற்குக் காய்கறிக் கடை எலெக்ட்ரானிக் தராசு போதும். ஒரு காலி கேனில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டு எடை பார்க்க வேண்டும். பிறகு கேனை நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை திரவத்தை நிரப்பிப் பார்க்க வேண்டும். கேனின் எடையைக் கழித்துவிட்டால், தண்ணீர் 1,000 கிராம் இருந்த இடத்தில் இது 1,090 கிராமை ஒட்டி நிற்கும். 1,030, 1,040 என்று காட்டினால் அதில் தண்ணீர் கூடுதல். நாலைந்து லாரி வைத்திருப்பவர்கள் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி வாங்கிவைக்கலாம். ஒரு சொட்டு விட்டால் யூரியா எத்தனை சதவிகிதம் என்று காட்டிவிடும், 31.8 முதல் 33.2 வரை இருந்தால் சரி.

கண்ணுக்குத் தெரியாத கலப்படம்

ஆனால், டம்ளர், தராசு, கருவி மூன்றையும் ஏமாற்றும் ஒரு கலப்படம் இருக்கிறது. உர மூட்டையை வாங்கி, போர்வெல் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பக்கெட்டில் அடைப்பது. அளவைச் சரியாகக் கலந்துவிட்டால் எடையும் சரியாக வரும், கருவியும் சரி என்றே சொல்லும்.

ஏன் செய்கிறார்கள் என்பதற்குக் கணக்கு எளிது. விவசாயிக்கு மானியத்தில் 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய். 10 லிட்டர் பக்கெட்டில் இருக்கும் யூரியா மூன்றரைக் கிலோ. அதாவது, மானிய விலையில் 21 ரூபாய் சரக்கு! வயலுக்குப் போக வேண்டிய மானிய யூரியா வேறு தொழில்களுக்குத் திருப்பிவிடப்படுவது நாடு முழுவதும் உள்ள தலைவலி. 2023-ல் மத்திய உரத் துறையின் பறக்கும் படைகள் 370-க்கும் மேற்பட்ட இடங்களில் திடீர் சோதனை நடத்தி, சந்தேகத்துக்குரிய 70,000 மூட்டைகளைப் பறிமுதல் செய்தன.

வயலுக்கு அமிர்தமான அந்த யூரியா வண்டிக்கு விஷம். 2015-லிருந்து உள்நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. தண்ணீர் இன்னும் மோசம். தரத்தின்படி இந்தத் திரவத்தில் கால்சியம் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நாம் குடிக்கும் தண்ணீரிலேயே லிட்டருக்கு 75 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தரம். நல்ல குடிநீரில் கரைத்தாலே வரம்பைப்போல நூறு மடங்கு ஆகிவிடும் என்றால், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் பொறை கட்டும் நம்ம ஊர் போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதே பொறைதான் திரவத்தைத் தெளிக்கும் நுண்ணிய முனையிலும், புகையைச் சுத்தம் செய்யும் பகுதியிலும் கட்டும். லிட்டருக்குப் பத்து இருபது மிச்சம் பிடித்தவர், அதைப்போலப் பல மடங்கு ஒர்க்‌ஷாப்பில் கட்டுவார்.

இதற்கு வீட்டில் சோதனை இல்லை. லேபிளில் ஐ.எஸ்.ஓ. 22241, தயாரிப்பாளரின் முழு முகவரி, பேட்ச் எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பதும், பில் வாங்குவதும்தான் காப்பு. பேட்ச் எண்ணை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பின்னால் வாரன்டி கேட்கும்போது, ‘என்ன ஊற்றினீர்கள்?’ என்பதுதான் சர்வீஸ் சென்டரில் வரும் முதல் கேள்வியாக இருக்கும். சந்தை விலையைவிட மிகவும் மலிவாக, பில் இல்லாமல் வீட்டு வாசலுக்கே வரும் பக்கெட்டில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்காது. ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கும் பில் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மிச்சத்தை லாரி கேபினிலோ மொட்டை மாடியிலோ வைக்கக் கூடாது. வீட்டுக்குள் நிழலான மூலையில், ஒரிஜினல் பக்கெட்டிலேயே மூடி இறுக்கி வைக்க வேண்டும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள், டீசல் ஊற்றிய புனல் எதுவும் இதன் பக்கத்தில் வரக் கூடாது. முக்கியமாக, குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பார்க்க அச்சு அசல் தண்ணீர். விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளை தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும்.

அவசரத்தில் டீசல் டேங்கில் இதை ஊற்றிவிடுவதும் நடக்கிறது. அப்படி நடந்துவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. இன்ஜின் ஓடாதவரை, டேங்கை இறக்கிக் கழுவுவதோடு செலவு நிற்க வாய்ப்பிருக்கிறது. ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் என்று எல்லாவற்றுக்குள்ளும் போய்விடும். மெக்கானிக் வந்து சேரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.