மூடின ஸ்டூடியோவின் மிச்சம்

போன கிழமை ரெக்ஸ்டேலில ஒரு பிறந்தநாள் வீடு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒருத்தி, "ஷெரிடனில அனிமேஷன் படிக்கப் போறன்" எண்டாள். ரோல்ஸ் தட்டோட நிண்ட தகப்பன் என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் கொம்பியூட்டர் ஆள்தானே, சொல்லும். அந்தக் கம்பனியள் எல்லாம் நாளைக்கே மூடிப்போடுவாங்கள்."

மூடுவாங்கள்தான். எங்கட நகரத்திலேயே நடந்திருக்கு.

ஒம்னிபஸ் கொம்பியூட்டர் கிராபிக்ஸ் எண்டு ரொறொன்ரோவில ஒரு நிறுவனம் இருந்தது. 1986இல் டிஸ்னி வெளியிட்ட 'ஃப்ளைட் ஒஃப் த நெவிகேட்டர்' படத்தில் வாற வெள்ளி விண்கலம் அவர்கள் செய்ததுதான். வானமும் நிலமும் அதன்ர உடம்பில பளபளவெண்டு தெறிக்கும். அந்தக் காலத்துக்கு அது பெரிய வித்தை.

அதே ஆண்டு ஆசை கூடிப்போச்சு. கலிபோர்னியாவில பேர்போன இரண்டு ஸ்டூடியோக்களை, டிஜிட்டல் புரொடக்ஷன்ஸையும் ரொபர்ட் ஏபலையும், கடன்பட்டு வாங்கினார்கள். டிஜிட்டலிடம் இருந்தது மில்லியன் கணக்கில விலைபோற கிரே சூப்பர் கொம்பியூட்டர். வேலை வந்தாலும் வராட்டியும் அப்பிடியொரு மெஷினுக்குக் காசு போய்க்கொண்டே இருக்கும். மூன்று பேரின் முதலெழுத்துகளையும் சேர்த்து, தொழிலில இருந்தவர்கள் 'டி ஓ ஏ' எண்டு பகிடி பண்ணினார்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரேக்கையே உயிரில்லை எண்டதுக்கு எழுதுற அதே மூன்று எழுத்து. 1987இல் எல்லாம் ஒண்டாப் படுத்துது.

"அதைத்தானே நானும் சொல்லுறன்" எண்டார் அண்ணை.

மிச்சத்தையும் கேளுங்கோ எண்டன். அதே 1987இல், ஒம்னிபஸ்ஸில வேலை செய்த கிம் டேவிட்சனும் கிரெக் ஹெர்மனோவிச்சும் இதே ரொறொன்ரோவில சைட் எஃபெக்ட்ஸ் எண்ட நிறுவனத்தைத் தொடங்கினார்கள். படம் செய்யிறதில்லை, படம் செய்யிறவைக்கு மென்பொருள். 1996இல் 'ஹூடினி' வந்தது. புகை, வெள்ளம், இடிஞ்சு விழுற கட்டடம் எல்லாத்தையும் ஒவ்வொண்டாக் கையால செய்யாமல், விதிகளைக் கோத்து உருவாக்குற முறை. என்ர வேலைக்கும் அதுக்கும் பெரிய தூரமில்லை. 2018இல் அதுக்கு ஒஸ்கார் சிலையே கிடைச்சது. டிஸ்னி, பிக்ஸார் எல்லாரும் பாவிக்கிற சாமான்.

பயம் பொய்யெண்டு நான் சொல்லேல்லை. 2016 ஆகஸ்டிலயும் இங்க ஆர்க் புரொடக்ஷன்ஸ் மூடி, 500 பேரளவில வேலையில்லாமல் நிண்டார்கள். ஸ்டூடியோவை நம்பிப் படிக்கக் கூடாது. அதுக்குள்ள என்ன ஓடுது எண்டு தெரிஞ்சுகொள்ளப் படிக்கலாம்.

"கல்குலஸ் அண்ட் வெக்டர்ஸ் எடுக்கிறீரோ?" எண்டு பிள்ளையைக் கேட்டன்.

"ஓம், வெக்டர்ஸ்தான் பிடிக்கும்."

பழகிப் பார்க்கிற ஹூடினிக்குக் காசில்லை எண்டு சொல்லி, பேரை எழுதிக் குடுத்தன். அண்ணை இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. "வாற ஞாயிறு வீட்டுப் பக்கம் வாரும், அவளின்ர லப்டொப்பில போட்டுக் காட்டும்" எண்டு மட்டும் சொன்னார்.