மாதம் எவ்வளவு?

2023 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வானொலி நிலையத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது கைப்பேசி மணி அடித்தது. சித்தி மகன். ஷா ஆலமில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது அவனுக்கு.

“அக்கா, காடி பார்த்துட்டேன். மாசம் அறுநூத்து முப்பத்தஞ்சுதான். பாரத்துல கையெழுத்துப் போட்டுடவா?”

“காடி விலை எவ்வளவுடா?”

மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், “இருங்கக்கா, கேட்டுச் சொல்றேன்” என்றான்.

நூற்றெட்டு மாதம் பணம் கட்டப் போகிறவனுக்கு, வாங்குகிற பொருளின் விலை தெரியவில்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 2013-இல் என் முதல் காடியை நானும் இப்படித்தான் வாங்கினேன். “மாதம் எவ்வளவு?” என்று கேட்டேன், சம்பளத்தில் அடங்கும் என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடிக்குக் கறுப்புத் தாளும் காலுக்கு மிதியடியும் இலவசம் என்றதில் அவ்வளவு சந்தோஷம். புதிதாக வேலைக்கு வந்தவள் என்பதால் வங்கி ஜாமீன் கேட்டது. அப்பா கையெழுத்துப் போட்டார்.

நான்காம் ஆண்டில் வேலை மாறினேன். இடையில் இரண்டு மாதம் தவணை நின்றது. வங்கியிலிருந்து எனக்கு மட்டும் அழைப்பு வரவில்லை, அப்பாவுக்கும் போனது. லாரி ஓட்டி எங்களைப் படிக்க வைத்தவர். பக்கத்துக் கடையில்கூடக் கணக்கு எழுதி வாங்காத மனிதர். அன்று இரவு அவர் என்னைக் கேட்டது ஒன்றுதான்: “எவ்வளவும்மா வேணும்?” காடியை விற்றுவிடலாம் என்று பார்த்தால், விற்கிற விலையைவிட வங்கிக்குத் தர வேண்டிய பாக்கி அதிகம். அன்றைக்குத்தான் கடன் பத்திரத்தை முதல் முறையாக முழுதாகப் படித்தேன்.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: “பேனாவைக் கீழே வை. புக்கிங் பணமும் கட்டாதே. நாளைக்கு நான் வரேன்.”

மறுநாள் சித்தி வீட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காப்புறுதி சேர்க்காமல் காடியின் விலை 60,000 ரிங்கிட். பத்து விழுக்காடு முன்பணம் போக 54,000 கடன். மூன்று விழுக்காடு வட்டி, ஒன்பது ஆண்டு. கேட்க மூன்று விழுக்காடு சின்னதாக இருக்கிறது. ஆனால் அது முழுக் கடன் மீதும், ஒன்பது ஆண்டுக்கும் ஒரே மாதிரி போடுகிற வட்டி. எட்டாம் ஆண்டில் கடன் பெரும்பாலும் அடைந்துவிட்ட பிறகும் 54,000-க்குத்தான் வட்டி. மொத்த வட்டி 14,580 ரிங்கிட். குறையும் கடனுக்கு ஏற்பக் குறைகிற வட்டியாக அதை மாற்றிப் பார்த்தால் சுமார் ஐந்தரை விழுக்காடு வரும். மாதம் 635 என்பதன் மறுபக்கம் மொத்தம் 68,580.

“அப்ப அறுபதாயிரம் காடி இல்லையாக்கா இது?” என்றான் தம்பி. சித்தப்பா பேசாமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஜாமீன் பாரம் அவர் முன்னால்தான் இருந்தது.

நம் அம்மாக்களைப் பாருங்கள். பசார் மாலாமில் ஒரு கட்டு கீரைக்கு “போலே கூராங்?” என்று கேட்பார்கள். கடைக்காரர் அசையவில்லை என்றால் இரண்டடி நடப்பார்கள். அவரே கூப்பிடுவார். அதே குடும்பத்துப் பிள்ளைகள் குளுகுளு ஷோரூமில், கழுத்துப்பட்டை கட்டியவர் காப்பி கொடுத்ததும் நாக்கைச் சுருட்டிக்கொள்கிறோம். விலை கேட்டால் வசதியில்லாதவர் என்று நினைப்பாரோ என்ற வெட்கம். ஐம்பது காசுக்கு வராத வெட்கம், ஐயாயிரம் ரிங்கிட்டுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

அந்த வாரம் நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரே நிறுவனத்தின் காடியை வெவ்வேறு முகவர்கள் விற்கிறார்கள். கிள்ளானில் ஒருவர், பூச்சோங்கில் ஒருவர், முதலில் பார்த்தவர் ஷா ஆலமில். மூவரிடமும் அதே காடி, அதே நிறம், காப்புறுதி இல்லாமல் சாலைக்கு வரும் விலை என்ன என்று வாட்ஸ்அப்பில் கேட்டோம். வாயால் சொல்வது காற்றோடு போகும், எழுத்தில் வந்தால் கையில் இருக்கும். பூச்சோங்கில் 1,500 குறைத்து எழுதிக் கொடுத்தார்கள்.

ஆண்டுக் கடைசி என்பது எங்களுக்குச் சாதகம். ஜனவரி பிறந்துவிட்டால், கிடங்கில் நிற்கும் 2023 தயாரிப்புக்கு ஒரு வயது கூடிவிடும். அதனால் டிசம்பரில் கொடுத்து முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் அதே வயதுக் கணக்கு பின்னால் நீங்கள் விற்கும்போதும் வரும். மூன்று, நான்கு ஆண்டில் மாற்றுகிறவர் என்றால் இதை யோசிக்க வேண்டும். தம்பி பத்து ஆண்டாவது ஓட்டப் போகிறவன். ‘இது எந்த ஆண்டுத் தயாரிப்பு?’ என்ற கேள்வியை மட்டும் எப்போதும் கேட்டு வையுங்கள்.

அடுத்தது, நான்கு பேச்சையும் நான்காகவே வைத்துக்கொண்டோம்: காடி விலை, பழைய காடியின் விலை, கடன், காப்புறுதி. நான்கையும் ஒன்றாகக் குழைத்தால் ஒன்றில் கொடுப்பதை இன்னொன்றில் எடுத்துக்கொள்ளலாம், நமக்குத் தெரியாது. சித்தப்பாவின் பழைய வீராவுக்கு ஷோரூமில் 2,500 தருவதாகச் சொன்னார்கள். அவருக்குப் பழக்கமான பட்டறைக்காரர் நேரில் பார்த்து 4,200-க்கு எடுத்துக்கொண்டார்.

காப்புறுதியில் ஒரு பாடம் கிடைத்தது. சித்தப்பாவுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இழப்பீடு கேட்காததால் 55 விழுக்காடு என்சிடி இருந்தது. அது மகனுக்கும் வரும் என்று நம்பியிருந்தார்கள். வராது. அது காடிக்குச் சொந்தமில்லை, உரிமையாளரின் பெயருக்குச் சொந்தம். தம்பி பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் 2017 ஜூலை முதல் விரிவான காப்புறுதியின் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன, எல்லா இடத்திலும் ஒரே விலை இல்லை. ஷோரூம் கொடுத்த விலையை வைத்துக்கொண்டு வெளியே இரண்டு இடத்தில் கேட்டோம். அதே பாதுகாப்பு, இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் குறைவு.

பிறகு மறுபடியும் ஷா ஆலம் ஷோரூம். விற்பனையாளர் அனுபவசாலியான சீனர், நல்ல மனிதர். அவரும் கமிஷனில் குடும்பம் நடத்துகிறவர்தான், எதிரி இல்லை. ஆயிரம் குறைக்கிறேன், கறுப்புத் தாளும் மிதியடியும் முன்கேமராவும் இலவசம் என்றார். “அந்தப் பொருளெல்லாம் வேண்டாம், அதையும் பணமாகக் குறைத்துக் கொடுங்கள்” என்றேன். பூச்சோங்கில் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். “1,800 குறைந்தால் இன்றைக்கே புக்கிங்” என்றேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

சொல்வது சுலபம். வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தால் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையாட்டுவார். பன்னிரண்டு ஆண்டாக மௌனத்தை நிரப்பியே சம்பளம் வாங்குகிறவள் நான். “என்கூட வாங்க, நீங்கதான் நல்லாப் பேசுவீங்க” என்று தம்பி அழைத்ததும் அதற்காகத்தான். ஆனால் விலையைச் சொன்ன பிறகு யார் முதலில் பேசுகிறாரோ அவர்தான் இறங்குவார். ‘முடியலைன்னா ஆயிரத்து ஐநூறாவது’ என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கணக்குப் பொறியைத் தட்டினார், மேலாளர் அறைக்குள் போனார், வந்தார். “ஓகே லா.”

கடைசியில் முடிந்தது இப்படி. காடி 58,200. தம்பியின் சேமிப்பு 6,000, வீரா விற்ற 4,200, ஆக முன்பணம் 10,200. கடன் 48,000. இரண்டு வங்கிகளின் வட்டியை ஒப்பிட்டுக் கேட்டதில் 2.8 விழுக்காடு கிடைத்தது. ஒன்பதாண்டு வேண்டாம், ஏழாண்டு போதும் என்றோம். மொத்த வட்டி 9,408. மாதம் 683 ரிங்கிட்.

முதலில் சொன்னதைவிட மாதம் 48 ரிங்கிட் கூட. தம்பி முகம் சுளித்தான். “இரண்டு வருஷம் முன்னாடியே முடியுதுடா. வட்டியில மட்டும் 5,172 மிச்சம்” என்றேன். விலையில் வாதாடிக் குறைத்தது 1,800தான். முன்பணத்திலும் ஆண்டுகளிலும் வட்டியிலும் குறைந்தது அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். பேரம் என்றால் நாம் விலைச்சீட்டை மட்டும் பார்க்கிறோம். பெரிய பணம் கடன் பாரத்தில் இருக்கிறது.

எல்லாக் காடிக்கும் விலை இறங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிற காடிக்கு யாரும் கழிவு தரமாட்டார்கள். அங்கே விலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். வட்டி, ஆண்டு, காப்புறுதி, பழைய காடி ஆகியவை அப்போதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. எந்தக் காடியாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது நான் மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன்? அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு ஷோரூம் அடுத்த சாலையில் இருக்கிறது.

கடனை முடித்துக் கொடுத்த வங்கி அதிகாரி கடைசியாக ஒன்று சொன்னார். முன்பணம் கூடிவிட்டதால் ஜாமீன் தேவையில்லையாம். சித்தப்பா கையெழுத்துப் போடுவதற்காக நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், சட்டைப்பையில் பேனாவோடு. “அப்ப நான் எதுக்கும்மா வந்தேன்?” என்று கேட்டார்.

“காடியில ஏறி உட்காரத்தான், சித்தப்பா” என்றேன்.