பதினைந்து நிமிடப் பேச்சின் விலை

விடுதியில் தங்கிப் படிக்கும் நான், தினமும் இரவில் அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் பேசுவேன். அதற்கு என்ன செலவாகிறது என்று யோசித்ததே இல்லை. மார்த்தா ரைட்டைப் பற்றிப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

வாஷிங்டனில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தாதி அவர். பேரன் வெளிமாநிலச் சிறைகளில் இருந்தார். பார்வை இழந்த பாட்டியால் கடிதம் எழுத முடியாது. அவ்வளவு தூரம் போய்வருவதும் சிரமம். மிஞ்சியது தொலைபேசிதான். அதன் கட்டணமோ கட்டுப்படியாகவில்லை. 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். 2003இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தார்.

கட்டணம் ஏன் அவ்வளவு அதிகம்? பொருளியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொலைபேசி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது சிறை நிர்வாகம். பணம் கட்டுவது குடும்பம். பல இடங்களில் வசூலில் ஒரு பங்கு நிர்வாகத்துக்கே கிடைத்தது. ஆகவே, குறைந்த கட்டணம் கேட்கும் நிறுவனத்தைவிட அதிகப் பங்கு தரும் நிறுவனத்துக்கே ஒப்பந்தம் போக வாய்ப்பு அதிகம். கட்டணம் பிடிக்கவில்லை என்று வேறு நிறுவனத்துக்கு மாறக் குடும்பத்துக்கு வழியில்லை.

2013இல் ஆணையம் மாநிலம் விட்டு மாநிலம் பேசும் அழைப்புகளுக்கு உச்சவரம்பு விதித்தது. மார்த்தா 2015இல் காலமானார். மாநிலத்துக்குள் பேசும் அழைப்புகளின் கட்டணத்துக்கு வரம்பு விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2017இல் நீதிமன்றம் கூறியது. அந்த அதிகாரத்தை வழங்கிய 2023ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. அதன்படி 2024இல் புதிய விதிகள் வந்தன. பெரிய தடுப்புச் சிறைகளில் 11.35 டாலர் வரை போன 15 நிமிட அழைப்பு 90 காசாகக் குறையும் என்றது ஆணையம். ஆனால், 2025 ஜூனில் அதே ஆணையம் அவ்விதிகளை 2027 ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தது. அக்டோபரில் உச்சவரம்பையும் உயர்த்தியது.

அழைப்புகளைக் கண்காணிக்கச் செலவாகும் என்கின்றன சிறைகள். அது நியாயமான வாதம்தான். ஆனால், அந்தச் செலவைக் குடும்பம்தான் ஏற்க வேண்டுமா? 2021இல் சட்டம் இயற்றி, சிறை அழைப்புகளை இலவசமாக்கிய முதல் மாநிலமானது கனெக்டிகட். செலவை அரசே ஏற்கிறது.

இதனால் சமுதாயத்துக்கும் பயன் உண்டு. சிறையில் யாரேனும் வந்து பார்த்த கைதிகள் விடுதலைக்குப் பின் மீண்டும் கடுங்குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைவு என்று மினசோட்டா சிறைத்துறையின் 2011ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. நேரில் போக முடியாத குடும்பங்களுக்குத் தொலைபேசிதான் அந்தச் சந்திப்பு.

தண்டனை பேரனுக்கு. கட்டணச் சீட்டு மட்டும் ஏன் பாட்டிக்கு?