சோழர் கப்பலா, அம்மாவின்ர சீட்டா?



இந்தக் கிழமை எபிசோட்ல போர்ட் கேம் டிசைன் பற்றிக் கதைச்சோம். ஒலிப்பதிவு முடிஞ்ச பிறகும் ஒரு கேள்வி முடியேல்ல: ஒரு கேமுக்குத் தீம் எப்படித் தெரிவு செய்யிறது? எபிசோட்ல அதுக்கு ரெண்டு நிமிஷம்தான் கிடைச்சது. என்ர கருத்தை இஞ்ச முழுசா எழுதுறன். உடன்பாடு இல்லாட்டிச் சண்டைக்கு வாங்கோ.

முதல்ல எங்கட கதை. ஷாஃப்ஹவுசன்ல நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஏல விளையாட்டுச் செய்துகொண்டிருக்கிறோம். ரூல்ஸ் இதுதான்: ஐஞ்சு பேர், ஐஞ்சு சுற்று. ஒவ்வொரு சுற்றிலயும் எல்லாரும் பத்துக் காசு நடுவில போடோணும். அந்த ஐம்பதும் ஆருக்கு எண்டு ஏலம். ஆர் கூடக் கழிவு விடுகிறாரோ அவருக்கு மிச்சக் காசு. கழிவு மற்ற ஆக்களுக்குப் பிரிஞ்சு போகும். ஒருக்கா எடுத்தவர் திரும்ப எடுக்கேலாது, ஆனா கடைசிச் சுற்று வரைக்கும் போட்டுக்கொண்டே இருக்கோணும்.

இதுக்கு நாங்கள் முதல் போட்ட தீம் சோழர் கடற்படை. 1025, ராஜேந்திர சோழன், கடாரம். 2022ல பொன்னியின் செல்வன் படம் வந்ததில இருந்து இஞ்ச பிறந்த பிள்ளைகளுக்கும் சோழர் எண்டா ஆர் எண்டு தெரியும். பெட்டிக்குப் பாய்மரக் கப்பல் வரைஞ்சோம். பார்த்த எல்லாரும் "சூப்பர், வடிவா இருக்கு" எண்டினம். ஆனா விளையாட இருந்தவுடன ஒரே கேள்வி: "நான்தான் காசை எடுத்திட்டனே, பிறகு ஏன் திரும்பப் போடோணும்?" கடாரத்துக்குப் போற கப்பலில அதுக்கு மறுமொழி இல்லை. ஒவ்வொரு ரூலையும் மூண்டு தரம் சொல்ல வேண்டி வந்தது.

ஒருநாள் எங்களில ஒருத்தரின்ர அம்மா தேத்தண்ணியோட வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டவ. "இது சீட்டெல்லோ!" எண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. ஒரு ரூலும் கேக்கேல்ல. எங்கள் எல்லாரையும் வெண்டுட்டுப் போனா.

நாங்கள் சின்னனில இருந்து வீட்டில கேட்டு வளர்ந்த சீட்டையே கேமாச் செய்துபோட்டு, அதுக்கு மேல சோழரைக் கொண்டுபோய் ஒட்டியிருந்தோம்!

என்ர கருத்து இதில இருந்துதான் வருது. நல்ல தீம் எண்டா விளையாடுறவரின்ர கை செய்யிற வேலைக்குக் காரணம் சொல்லுற தீம். பெட்டியில படம் வடிவா இருக்கோணும்தான், அது ஆளை மேசைக்குக் கூப்பிடும். ஆனா மேசையில இருந்த பிறகு ரூலை ஞாபகத்தில வைச்சிருக்க உதவுறது அந்தக் காரணம்தான்.

தீமே இல்லாத விளையாட்டும் உயிரோட இருக்குத்தானே எண்டு கேப்பீங்கள். உண்மை. எங்கட அப்பாக்கள் விளையாடுற 304 இருக்கு. சுவிஸ்காரற்ற யாஸ் இருக்கு. யாஸ் சீட்டு அச்சடிச்சு வந்த ஏஜி மியுலர் எங்கட பக்கத்து நொய்ஹவுசன்காரர்தான். கம்பனி தொடங்கினது 1828ல. ரெண்டு விளையாட்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. 304ல ஜாக் 30, ஒன்பது 20, பிறகு ஆஸ் 11, பத்து 10. யாஸில துரும்பு ஜாக் 20, துரும்பு ஒன்பது 14, பிறகு அதே 11, அதே 10. சாதாரணமாச் சின்னக் காட்டா இருக்கிற ஒன்பது ரெண்டிலயும் ராஜாவை வெட்டும். இது ஒரே குடும்பம், வேர் நெதர்லாந்துப் பக்கம் எண்டு சீட்டாட்ட வரலாறு ஆராயிற ஆக்கள் கருதுகினம். ஜாக்குக்கு ஏன் 30 எண்டு எந்தத் தீமும் சொல்லாது. ஆனா அப்பாவோ மாமாவோ பக்கத்தில இருந்து கையைப் பிடிச்சுப் பழக்கினவை. புதுசா வாற கேமுக்கு அப்படி ஒரு மாமா இல்லை. அவற்ற வேலையைத் தீம்தான் செய்யோணும்.

விங்ஸ்பான் நல்ல உதாரணம். 2019ல வந்தது. செய்த எலிசபெத் ஹார்கிரேவுக்குக் கோட்டையும் விண்வெளியும் அலுத்துப்போச்சு, பறவை பார்க்கிறதில ஆசை. 170 பறவைக் காட்டுகள். வேட்டைப் பறவையின்ர காட் எடுத்தா, கட்டில இருந்து இன்னொரு காட்டைத் திருப்பி அந்தப் பறவையின்ர சிறகின்ர அளவைப் பார்க்கிறீங்கள். சின்னப் பறவையா இருந்தா அது இரை. ரூலை ஒருக்காச் சொன்னாக் காணும். மற்றப் பக்கம், சுவிஸ்காரர் செபாஸ்டியன் போஷோன் செய்த ஜெய்ப்பூர், 2009. நல்ல கேம், எங்கட வீட்டிலயும் இருக்கு. ஆனா ஒட்டகத்தை எடுத்துப்போட்டு ரைன் படகு வைச்சாலும் அது அதே கேம்தான்.

ரைன் எண்டவுடன ஒண்டு சொல்லோணும். "நீங்கள் தமிழர், தமிழ்த் தீம் செய்யுங்கோவன்" எண்டு எல்லாரும் சொல்லுகினம். ஏன் அது மட்டும்? எங்கட ஊரையே பாருங்கோ. 23 மீற்றர் உயரம், 150 மீற்றர் அகல அருவி. படகு அதால இறங்கேலாது. அதனால சாமானை ஷாஃப்ஹவுசன்ல இறக்கி, வண்டியில ஏத்தி, அருவியைச் சுற்றிக் கொண்டுபோய்த் திரும்பப் படகில ஏத்தினவை. உப்பு வியாபாரமும் நகரமும் வளர்ந்தது அதாலதான். இறக்கிறதா, காத்திருக்கிறதா, வண்டிக்கு எவ்வளவு குடுக்கிறது, எல்லா ரூலையும் தண்ணியே எழுதித் தருது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அந்த அருவிக்குப் போன எங்களுக்கு அதைக் கேமாச் செய்ய ஆரிட்டயும் அனுமதி தேவையில்லை.

இப்ப கஷ்டமான பகுதி. சீட்டுத் தீமுக்கு மாறின பிறகு, சுவாரசியத்துக்காக ஒரு காட் சேர்த்தோம்: "சீட்டு எடுத்தவர் ஓடிட்டார்." அது வந்தவுடன எல்லாரும் சிரிச்சோம். ஒரு அன்ரி மட்டும் காட்டைக் கீழ வைச்சுட்டுக் குசினிக்குப் போட்டா. பிறகுதான் சொன்னா, ஊருக்கு அனுப்பவெண்டு வைச்சிருந்த காசு ஒருக்கா அப்படிப் போனதாம்.

தீம் ஆரின்ரையோ வாழ்க்கையில இருந்து வந்தா ரூலுக்கும் பொறுப்பு வரும். 2002ல வந்த புவேர்ட்டோ ரிக்கோவைப் பாருங்கோ. கப்பலில வாற மண்ணிற வட்டங்களைத் தோட்டத்தில வேலைக்கு வைக்கோணும். ரூல் புத்தகத்தில அவைக்குப் பேர் "குடியேற்றவாசிகள்". அடிமைகள் எண்ட சொல்லே இல்லை. கன வருஷம் விமர்சனம் வந்த பிறகு, 2022ல கதையை 1897க்கு, அடிமைமுறை ஒழிஞ்ச காலத்துக்கு, மாத்தி ஒரு பதிப்பு வந்தது.

நாங்கள் அந்தக் காட்டைத் தூக்கிட்டோம். ஆனா ஓடுறதைத் தூக்கேல்ல, ஏனெண்டா அது உண்மை. அதிர்ஷ்டத்தில வந்ததுதான் பிழை. இப்ப சீட்டுப் பிடிக்கிறவர் எண்டு ஒரு பாத்திரம். முதல் சீட்டு கழிவில்லாமல் அவருக்கு. ஆனா ஆராவது போடாமல் விட்டா அந்தக் குறை அவரின்ர தலையில. ஆரை நம்பிச் சேர்க்கிறது எண்டதுதான் இப்ப முழுக் கேமும். நிஜத்திலயும் பெரும்பாலும் அப்படித்தானே. அன்ரி இன்னும் விளையாட வரேல்ல. வராமல் விட்டாலும் அது அவவின்ர உரிமை.

எங்கட குழுவிலயே ஒருத்தர் இப்பவும் சோழர் பக்கம்தான். "சுவிஸ்காரருக்குச் சீட்டு விளங்காது, எஸ்ஸன் கண்காட்சியில கப்பல்தான் விக்கும்" எண்டு சொல்லுறார். கப்பல் விக்கலாம், மறுக்கேல்ல. ஆனா எதியோப்பியர் எக்குப் எண்டும் மெக்சிக்கோக்காரர் தாண்டா எண்டும் சொல்லுறதும் கிட்டத்தட்ட இதே சீட்டுத்தான். சுவிஸ் நண்பருக்கும் ஒரு வசனத்தில சொல்லலாம்: "பாங்க் கடன் தராத ஆக்கள் தங்களுக்குள்ள பாங்க் நடத்தினவை." நான் சொல்லிப் பார்த்தன். அடுத்த கேள்வி "ஆர் முதல் எடுக்கிறது?" கேம் அதிலதான் தொடங்குது.

நீங்கள் ஏதும் கேம் செய்யிறீங்கள் எண்டா, தீம் தேட முதல் உங்கட வீட்டுக்காரரை மேசையில இருத்தி, ஒண்டும் சொல்லாமல் விளையாட விடுங்கோ. "இது அதெல்லோ!" எண்டு அவை எதைச் சொல்லுகினம் எண்டு எங்களுக்கும் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறோம்.